பதினொரு மாங்காய் பார்டர் சேலைகள்

இன்று காலை, கடையிலிருந்த கடைசி மாங்காய் பார்டர் சேலையை ஒரு கல்யாண வீட்டார் எடுத்துப் போனார்கள். பில் போட்டதும் திரையில் கையிருப்பு பூஜ்யம் என்று வந்தது. அலமாரியும் காலி. இரண்டும் ஒத்துப்போனதும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

கடைக்குக் கணக்கு மென்பொருள் வந்த புதிது. நீ சரக்கு அறைக்குப் பொறுப்பு, நான் கணக்குக்கு. ஒரு சேலை விற்றால் அதற்குள் என்ன நடக்கும் என்று கேட்டாய். பணமும் விற்பனையும் ஏறும், சரக்குக் கணக்கு இறங்கும், வாங்கிய விலை செலவுக் கணக்குக்குப் போகும் என்றேன்.

"ஒரு சேலைக்கு நாலு எடத்துல எழுதுதா? நம்மள விட அதுக்குத்தான்டி வேலை ஜாஸ்தி" என்று சிரித்தாய்.

மாங்காய் பார்டரை நான் தவறுதலாக இரண்டு முறை பதிந்திருந்தேன். சரக்கு வந்தது ஒரு பெயரில். பில் போட்டது இன்னொரு பெயரில். அதுவும் தையல் கூலி மாதிரி, கையிருப்பே இல்லாத வகையில். விற்க விற்கப் பணம் ஏறியது, சரக்குக் கணக்கு அசையவே இல்லை.

"சிஸ்டத்துல பதினொன்னு இருக்குது, அலமாரியில ஒன்னுகூட இல்லியேம்மா?" என்றார் முதலாளி.

"எல்லாம் வித்துப்போச்சுங்க. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "பில்லை ஒரு வாட்டி பாருடி."

பத்து நிமிட வேலை. நான் பார்க்கவில்லை. "சிஸ்டம் தப்பா காட்டாதுடி" என்றேன். மறுநாளிலிருந்து உன்னை வரவேண்டாம் என்றுவிட்டார் முதலாளி.

நான்கு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்: "இந்த அயிட்டத்துல மட்டும் வித்த பணம் முழுசும் லாபமா நிக்குது. வாங்குன விலை எங்கம்மா?" அப்போதுதான் புரிந்தது. யாருக்கும் சொல்லாமல் திருத்தினேன். ஞாயிற்றுக்கிழமை உன் ஊரான ஐயம்பேட்டைக்கு வந்து உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று ஞாயிறு போயின. நான்காவது வாரம், மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய் என்று ஷேர் ஆட்டோவில் யாரோ சொன்னார்கள்.

உன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார்.

"நீ வந்து கேப்பேன்னு எழுதி வெச்சுக்கினு இருந்தாம்மா."

உன் கையெழுத்தில் பதினொரு வரிகள். என்ன நிறம், எந்த ஊர்க்காரர், என்ன விசேஷம். மறுநாள் பில்களைத் திறந்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தேன். நிறமும் ஊரும் பதினொன்றிலும் சரியாக இருந்தன. எல்லாரும் இருக்கும்போது முதலாளி முன் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லி, அந்தத் தாளைப் படித்தேன்.

தாளை உன் வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் பில் போட உட்காரும் நேரங்களில் உன் குரலில் அந்த வரிகள் தொடங்கிவிடுகின்றன: மயில்கழுத்து நிறம், மாகறல்காரர், பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பதினொன்றும் முடியும்வரை விசைப்பலகையில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.