பின்வளவில் கிடக்கும் கயிறு

இன்று காலை எங்கள் ஒழுங்கைக்கு நுளம்புப் புகை அடிக்க வந்தார்கள். அந்த எண்ணெய் நாற்றம் யன்னலுக்குள் நுழைந்ததும் உம்முடைய குரல்தான் முதலில் கேட்டது. "இஞ்சேருங்கோ, முதல்ல மீனைத் தூக்குங்கோ. சோத்தை நான் மூடுறன்." ஓடிப்போய்த் தூக்கினேன். உம்முடைய கப்பி மீன்கள் இருக்கிற அந்த நீலப் பிளாஸ்டிக் பேசினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் உள்ளே கொண்டுவருவோம். தனியே தூக்கியதில் அரைவாசித் தண்ணீர் என் இடுப்புச் சாரத்தில்.

வெள்ளவத்தை மாடிவீட்டில் இருந்த காலம் முழுக்க உமக்கு ஒரே ஆசை, மண் உள்ள வீடு. பாமன்கடையில் இந்தச் சின்ன வீட்டைப் பார்க்க வந்தபோது நீர் அறைகளை எட்டியும் பார்க்கவில்லை. நேரே பின்வளவில் போய் நின்று, "இதுக்குள்ள ஒரு குளம் கட்டலாம்" என்றீர். குளமோ குழியோ என்று பகிடி விட்டேன். "கட்டின பிறகு கால் நனைக்க வருவீங்கள்தானே, அப்ப பாப்பம்" என்றீர். குளம் வரும்வரைக்கும் என்றுதான் பேசினில் மீன் விட்டீர்.

குளத்துக்கு முன் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனீர், திரும்பி வரவில்லை. செத்தவீடு முடிந்த கையோடு சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவைச் சல்லடை போட்டார். உம்முடைய பேசினுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நுளம்புக் குஞ்சுகூட இல்லை, மீன்கள் விட்டுவைத்தால்தானே? பக்கத்தில் பாதியில் நிற்கும் மாடிக் கட்டடத்தில், லிப்ட்டுக்கு வெட்டிய கிடங்கில் தேங்கிய தண்ணீரில், குஞ்சு அள்ள அள்ள வந்தது.

குளத்தைக் கட்டியே தீருவது என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். மகளிடம் சொன்னேன்.

"அப்பா, உங்களுக்கென்ன விசரே? அம்மாவைக் கொண்டுபோனது நுளம்பு. வீட்டுக்குப் பின்னால தண்ணியைக் கட்டி வைக்கப் போறீங்களோ?"

"பேசினுக்குள்ள ஒரு நுளம்பும் இருக்கேல்லைப் பிள்ளை."

"எனக்குத் தெரியும். ஆனா அங்க தண்ணி விட்டா, என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டுப் படி ஏறமாட்டன்."

சொன்னால் செய்வாள். பிடிவாதத்தில் அவள் நீரேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரன் வராவிட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

ஆனாலும் குளம் கட்டக் கொந்தராத்துக்காரரைத் தேடுவதை விட முடியவில்லை. "சொல்லுறதைக் கேளாதேங்கோ, செய்ததைக் காட்டச் சொல்லுங்கோ" என்பீர், தையற்காரர் விஷயத்தில்கூட. முதல் வந்தவர் கலர் லைட் போட்ட நீரூற்றுப் படங்களை போனில் காட்டினார். நுளம்பு வராதா என்று கேட்டால், "அதுக்கு மருந்து இருக்கு அங்கிள்" என்றார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டாமவர் இன்னும் "நாளைக்கு வாறன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் கொட்டாஞ்சேனைக்காரர். பல வருடங்களுக்கு முன் தான் கட்டிய குளம் ஒன்றைப் பார்க்க, அங்கே ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். முழந்தாளிட்டுப் பார்த்தேன். ஒரு மூலையில் தண்ணீர் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. அடி தெரிந்தது. மீன் துள்ளியது. "ஒருநாளும் கசிஞ்சதில்லை, நுளம்பும் இல்லை" என்றார் வீட்டுக்கார அம்மா.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மகளின் கண்ணால் பார்த்தேன் போலும். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது.

இன்று புகை அடங்கிய பிறகு அந்தக் கொட்டாஞ்சேனைக்காரர் அளவெடுக்க வந்தார். நான் சொல்லியிருந்ததால், தடுக்கவென்றே மகளும் வந்து சேர்ந்தாள், பேரனைக் கூட்டிவராமல். அவர் ஒரு கயிற்றை எடுத்து ஜம்பு மரத்தடியில் வட்டமாகப் போட்டு, "இந்தளவு காணுமா ஐயா?" என்று கேட்டார். பின்னாலிருந்து மகளின் குரல்.

"மரத்துக்குக் கீழ வேண்டாம். இலை விழும். அம்மா கிணத்தடிப் பக்கம் எண்டுதான் சொன்னவ."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே விளங்கியது. முகம் கோணிப்போக உள்ளே போய்விட்டாள். அவர் கயிற்றைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கிணத்தடியிலயே போடுங்கோ தம்பி. மிச்சத்தை நான் போன்ல சொல்லுறன்" என்றேன்.

போகும்போது மகள் வாசலில் நின்று, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "கயிறை எடுக்காதேங்கோ அப்பா. ஆனா இப்ப தண்ணி விடாதேங்கோ. என்னால இன்னும் ஏலாது."

எனக்கும் ஏலாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போது பொழுது சாய்கிறது. மீன்களை வெளியே கொண்டுவந்தேன். பேசினைக் கிணற்றடிக் கயிற்று வட்டத்துக்கு நடுவில் வைத்தேன், உம்முடைய குளம் இருக்கவேண்டிய இடத்தில். நாளைக்குப் புகைக்காரர் வந்தால் திரும்பவும் தூக்கவேண்டும். பாரம்தான். உம்முடைய பக்கத்தையும் சேர்த்து நானே பிடிக்கிறேன்.