இவர் தேறி வருகிறார்

அக்டோபர் 4, சனி

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடுகிறது, மழை இல்லை. எங்கள் உப்பளத்தில் கடைசிக் குவியல்களுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஜேம்ஸுக்குப் புதுச்சேரியில் செக்கப். மார்ச்சில் ஈசிஆர் ரோட்டில் பைக் விபத்து, தலையில் அடி, பழைய ஞாபகம் பாதி போய்விட்டது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரர் நல்லா தேறிட்டு வர்றாரும்மா. மாத்திரைய குறைச்சிடலாம். கொஞ்ச நாள்ல பழைய ஆளா ஆயிடுவாரு."

மாமியார் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டார். நான் தேங்க்ஸ் சொன்னேன்.

வாங்க: பிரவுன் ஷீட் (ரீனா), துவரம் பருப்பு, கொசுவத்தி.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சமையல். இவர் தேங்காய் துருவ, ரீனா தோளில் சாய்ந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு வயசு. விபத்துக்கு முன்னால் பைக் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இப்போது அப்பா ஊட்டினால்தான் சாப்பாடு.

மாமியார் வாசலில் நின்று: "சிங்கம் மாதிரி இருந்தான் எம்புள்ள. இப்ப பாரு, தேங்கா துருவிக்கிட்டு கெடக்கறான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம். அவருக்கு மகன் போய்விட்டான். எனக்கு அதே நாளில்தான் புருஷன் கிடைத்தார்.

நாளைக்கு எம்.ஏ. வகுப்பு எடுக்க வேண்டும். நம் காலத்துத் தத்துவவாதி ஒருவரின் புத்தகம். நேற்றைய மனிதனும் இன்றைய மனிதனும் ஒரே ஆள் என்று எதை வைத்துச் சொல்வது? உடம்பு மட்டும் போதாது, நினைவும் சுபாவமும் தொடர வேண்டும் என்கிறார். பின்பாதி மனித சுபாவம் பற்றி. அது மாறிவிடுமா, அடங்கித்தான் கிடக்குமா. அடிக்கோடு போட்டுப் போட்டுத் தாளே கிழிந்துவிட்டது.

இப்போதுதான் கவனித்தேன். விபத்துக்கு முந்தைய ஜேம்ஸை 'அவர்' என்றும் இப்போது வீட்டில் இருப்பவரை 'இவர்' என்றும் நினைக்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

வகுப்பு பரவாயில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண்: "மேம், அடிச்சது ஞாபகமே இல்லாத ஆள மன்னிக்கணும்னா, யார மன்னிக்கிறது?" நல்ல கேள்வி என்று சொல்லி நழுவிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தழும்பு எப்படி ஆச்சு ஸ்டெல்லா?"

"குக்கர் ஆவி பட்டுடுச்சுங்க."

இன்றைக்குத்தான் பட்டது போல ஊதிவிட்டார். அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

மாத்திரை குறைத்தாச்சு. தூறல். விபத்துக்கு அப்புறம் முதல் தடவையாக இவர் தனியாக உப்பளத்துக்குப் போனார். மூட்டை ஏற்றுகிறவர் ஒருவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டாராம். மாமியாருக்குப் பூரிப்பு. "ஒரே அறைதானாம். மாதா கைவிடல பாரு."

சாப்பிடும்போது இவர்: "ஏய், தண்ணி."

இத்தனை மாதத்தில் 'ஏய்' கிடையாது. ஸ்டெல்லாதான். ரீனா என்னை நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் எடுத்து வந்து வைத்தேன்.

அக்டோபர் 11, சனி

மழை. கரண்ட் இல்லை. துணி காயவில்லை.

சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அது குக்கர் இல்ல."

அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன்.

"அயர்ன் பாக்ஸ். நான்தான வச்சேன்?"

"ஆமாங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கோவம் திடீர்னு தலைக்கு ஏறுது ஸ்டெல்லா. காரணமே இல்ல. நேத்து ரீனா பென்சில் டப்பாவ கீழ போட்டா. கைய ஓங்கிட்டேன். அவ பாக்கல."

"டாக்டர்கிட்ட சொல்லலாங்க."

"சொல்லலாம். மொதல்ல நீ புள்ளைய கூட்டிக்கிட்டு சென்னைக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போ. நான் இப்படி இருக்கும்போதே போயிடு. அப்புறம் நானே விடமாட்டேன்."

அக்டோபர் 12, ஞாயிறு

மாமியார் பூசைக்குப் போன பிறகு கிளம்பினோம். பை தூக்கி வந்தவர் இவர்தான். ஈசிஆர் ஸ்டாப்பில் சென்னை பஸ். ரீனாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, மழைத்துளியைத் துண்டால் துடைத்துவிட்டார்.

"பெரியம்மா சொல்றத கேளு, என்ன?"

"நீயும் வாப்பா."

"வர்றேன். நீ போ."

நீங்களும் வாங்க என்று நானும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பஸ் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றார். உப்பளம் முழுக்க வெள்ளம், பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. ரீனா அழுதுகொண்டே தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 15, புதன்

சென்னை. வெயில். கல்லூரிக்கு லீவ் சொல்லியாச்சு. ரீனாவுக்கு லேசாக ஜுரம். டாக்டரிடம் போனில் எல்லாம் சொன்னேன். உடனே கூட்டி வாங்க என்றார். யார் கூட்டிப் போவது? மாமியார் என் போனை எடுப்பதில்லை.

ராத்திரி பத்து மணி சுமாருக்கு ஜேம்ஸ் போன்.

"எங்கடி இருக்க?"

"அக்கா வீட்லங்க."

"யார கேட்டு போன? எம்புள்ளைய யார கேட்டு தூக்கிட்டு போன?"

"நீங்கதானங்க எங்கள பஸ் ஏத்தி விட்டீங்க."

குரல் சட்டென்று இறங்கியது:

"நானா?"

மறந்துவிட்டாரா, மறுக்கிறாரா, தெரியவில்லை. ரீனா கட்டிலிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினாள். "அப்பாவாம்மா? என்கிட்ட குடு." போனை அணைத்துவிட்டேன். இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறாள், கையை மடக்காமல்.