தோன்யா பசீலியாவின் இரண்டாவது கண்

அன்பு மகள் ஹிமேனாவுக்கு அம்மா எழுதுவது. ஒருரோவில் நானும் உன் அப்பாவும் சுகம், குளிர் மட்டும் இந்த வருடம் எலும்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கோர்தோபாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுக் கொஞ்சமாவது தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

என் கழுத்துவலி கேள்விப்பட்டு, கண் அறுவைப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். பதில் எழுதத் தாமதித்தேன், நடந்ததைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது என்பதால். செவ்வாய்க்கிழமை தோன்யா பசீலியாவின் இடது கண்ணில் புரை எடுத்தேன். சந்தையில் சுட்ட ஆட்டுத்தலை விற்பவள்தான். நான் பயிற்சியில் இருந்தபோது தையல் பழக அவளிடம்தான் பச்சை ஆட்டுக்கண் கேட்டுப் போவேன், "கண்ணில்லாத தலைய எவன்டி வாங்குவான், தலையையும் நீயே தூக்கிட்டுப் போ" என்று திட்டிக்கொண்டே தோண்டிக் கொடுப்பாள். நீயும் நம் சமையலறை மேசையில் அவள் கொடுத்த கண்களைத்தான் தைத்துப் பழகினாய். புரையை எடுத்துவிட்டேன், புது லென்ஸ் வைக்க வேண்டும், அப்போது வலக்கை விரல்கள் இரண்டு மரத்துப்போயின. கழுத்து நரம்பு அழுத்தி ஒரு வருடமாகவே அவ்வப்போது இப்படி ஆகிறது, உன்னிடம் மறைத்தேன். கருவியை மெல்ல வெளியே எடுத்துவிட்டு, உதவிக்கு எதிரே இருந்த டாக்டர் ரொஹேலியோவுக்குக் கண்ணால் சைகை காட்டினேன். அவன் சத்தமில்லாமல் என் இடத்துக்கு மாறி உட்கார்ந்தான். பசீலியாவின் முகம் முழுக்கத் துணி. அவன் கை அவள் நெற்றியில் படிந்ததுமே, "இது வேற கை. யாருடா நீ, கல்லு மாதிரி கனக்குற? டாக்டரம்மா எங்க?" என்றாள். அவன் பயந்துபோய், "அசையாதீங்க தோன்யா, கெஞ்சிக் கேக்குறேன்" என்றான். நான் சுற்றிப்போய்த் துணிக்கடியில் அவள் கையைப் பிடித்தேன். "ம், இருக்கா" என்று அடங்கினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "என்னடி, உனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?" என்று கேட்டாள்.

இனி அறுவை செய்ய மாட்டேன், நோயாளிகளைப் பரிசோதிக்க மட்டும் வருகிறேன் என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன். காரில் வந்து உட்கார்ந்தவளுக்குச் சாவியைத் திருப்பத் தோன்றவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், தூக்கம்தான் வந்தது. அப்பா, "இனிமேலாவது என் சமையலக் குறை சொல்ல நேரம் கிடைக்கும்" என்றார், பிறகு உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கழுத்தில் வைத்துவிட்டார்.

நீ வர வேண்டாம் ஹிமேனா. என் கை நின்றதற்காக உன் கை பாதியில் நிற்கக் கூடாது. பயிற்சியை முடி, பிறகு எங்கே வேலை செய்வது என்பது உன் இஷ்டம். ஒன்று மட்டும் கேள். உட்கார்ந்ததும் நுண்ணோக்கியை உன் உயரத்துக்கு மாற்றிக்கொள், யார் முகம் சுளித்தாலும் சரி. கேட்க வெட்கப்பட்டு, மற்றவர்கள் வைத்த உயரத்திலேயே எட்டிப் பார்த்துப் பழகிய கழுத்து இது.

அடுத்த மாதம் பசீலியாவுக்கு வலது கண். ரொஹேலியோதான் செய்வான் என்றேன். கொஞ்சம் யோசித்து, "அந்தக் கல்லுக்கையே செய்யட்டும். ஆனா நீ பக்கத்துல உக்காந்து என் கையப் பிடிச்சுக்கணும், இல்லைன்னா நான் படுக்க மாட்டேன்" என்றாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

கடவுள் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். நுண்ணோக்கியின் உயரத்தை மறக்காதே.

உன் அம்மா,
ஃபெலிசா