நசுங்கிய தூக்கும் உப்பு மரவையும்

மட்டாஞ்சேரி,
20-11-1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

காமாக்ஷியின் நமஸ்காரம். உனக்கும் மன்னிக்கும் குழந்தைக்கும் பகவான் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். இங்கே துலாவர்ஷ மழை இன்னும் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் குடையோடுதான் போய்வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. தை பிறந்ததும் வந்து, வீட்டைக் காலி செய்து, எங்கள் இருவரையும் பம்பாய்க்கு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல மனசோடுதான் எழுதினாய். ஆனால் அம்மா வரமாட்டாள், நானும் வரமாட்டேன். காரணத்தை உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா சத்தியம் கேட்டாள். நான் செய்து கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷுவுக்கு நீங்கள் வந்தபோது மன்னி ஆசையாகச் சமையலறையைப் புதுப்பித்தாள். பழைய பித்தளையைக் கொச்சங்காடியில் சிகாபுதீன் கடையில் போட்டுவிட்டு, எறணாகுளம் பிராட்வேயிலிருந்து ஒரே அளவில் எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கி வரிசையாக அடுக்கினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மாவும் வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டாள். அதற்குப் பிறகுதான் காப்பியில் உப்பு விழ ஆரம்பித்தது. வீட்டுக்கார வெங்கிட்டு மாமா ஒருநாள் வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காப்பியோ, காயல் உப்பு வெள்ளமோ? வாடகை கேட்டதுக்கு இத்தற சிட்சை வேணுமா?" என்றார். அம்மா சிரித்து மழுப்பிவிட்டாள்.

குழந்தையின் போட்டோ வந்தது நல்ல மத்தியான நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்து, "மூக்கு நம்மாத்து மூக்காக்கும். சங்கரன் இதே போலத்தான் இருந்தான்" என்றாள். போட்டோவைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் அதை நேராக்கிக் கொடுத்தேன். அப்போதும் அதையேதான் சொன்னாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவை எறணாகுளம் கண் ஆஸ்பத்திரிக்குப் படகில் அழைத்துப் போனேன். கண்ணுக்குப் பின்னால் நரம்பு கெட்டிருக்கிறது, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது, கண்ணாடியாலும் ஆபரேஷனாலும் திரும்பாது, சொட்டு மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சங்கரனுக்கு எழுதண்டா, கேட்டயோ? அவனுக்கு அங்கே சோறு இறங்காது" என்றாள். எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். "கொறேக் காலமாச்சு, வருஷக்கணக்கில் இருக்கும். பழைய பாத்திரங்கள் இருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணலை" என்றாள்.

அண்ணா, சர்க்கரை வைத்திருந்த தூக்கு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கடுகு டப்பாவின் மூடி திறக்கும்போது கீச்சிடும். உப்பு வைக்கும் மரக் கிண்ணம், அந்த மரவை, எந்நேரமும் ஈரமாக இருக்கும். அதே வீட்டில்தான் நாமும் வளர்ந்தோம். இதில் ஒன்றையாவது கவனித்திருக்கிறோமா? இத்தனை நாளும் அம்மா அவற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் நமக்கு ஒரு குறையும் தெரியாமல் பொங்கிப் போட்டிருக்கிறாள்.

கடைக்காரனிடம் பேச எனக்கு நாக்கு எழாது என்று நீ கேலி செய்வாய். எவர்சில்வர் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு நான் தனியாகத்தான் கொச்சங்காடிக்குப் போனேன். விலை ஏறட்டும் என்று சிகாபுதீன் பழைய பித்தளையைச் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார். "என்ன டீச்சரம்மா, ஊரே பழசைக் குடுத்துட்டுப் புதுசு கேக்குது, நீங்க மாத்திக் கேக்குறீங்களே!" என்று சிரித்தார். சாக்கை அவிழ்க்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து தேடினேன். தூக்கும் கடுகு டப்பாவும் கிடைத்தன. உருளி விற்றுப் போயிருந்தது. மரவை நம் கொல்லைப்புற விறகுப் புரையிலேயே கிடந்தது. மன்னியிடம் பக்குவமாகச் சொல். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. டப்பாக்களை அங்கே கொடுத்துவிட்டதற்கு வேண்டுமானால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும்.

தூக்கைக் கையில் வாங்கியதும் அம்மா, "எங்கடா போயிருந்தாய், காசிக்கா?" என்று அதனிடமே கேட்டாள். மறுநாள் நான் எழுந்து வருவதற்குள் காப்பி கலந்துகொண்டிருந்தாள். உதவிக்குப் போன என்னை, "நீ அங்கே மாறி நில்லு, என் கையிலே இடிக்காதே" என்று விரட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

பம்பாயில் மூன்றாம் மாடி, ஒற்றை அறை, பொதுக் குழாய். அங்கே நாம் அம்மாவைக் கையைப் பிடித்து நடத்த வேண்டும். இங்கே அம்மாதான் இன்னும் வீட்டை நடத்துகிறாள். அதை அவளிடமிருந்து யாரும் பிடுங்க நான் விடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்யப் போவதில்லை என்று வெங்கிட்டு மாமாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். நீ பார்த்து வைத்திருக்கும் பம்பாய் வரனுக்கும் பதில் எழுதிவிடு. அம்மா இந்த வீட்டிலேயே, என்னோடு இருப்பதற்குச் சம்மதிக்கிறவர் வந்தால் அப்போது பார்க்கலாம்.

எனக்கு உன்மேல் கோபம் என்று நினைக்காதே. நீ வர வேண்டும். தை வரைக்கும் காத்திருக்காமல், லீவு கிடைத்த உடனே மன்னியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வா. பகல் வெளிச்சத்தில் வீட்டுக்கு வந்து சேருகிற மாதிரி வண்டி பார்த்துக்கொள். மற்ற நிறங்களெல்லாம் அம்மாவுக்குக் கலங்கிவிட்டன. சிவப்பு மட்டும் இன்னும் தெரிகிறது. குழந்தைக்கு நல்ல சிவப்பில் ஒரு சட்டை தைத்துப் போட்டு அழைத்து வா, அண்ணா.

உன் பிரியமுள்ள தங்கை,
காமாக்ஷி