டப்பா காலியா இருந்தா

ஜூன் 12, திங்கள்

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மனைவிக்கு மருந்துக்கடையில் பகல் ஷிஃப்ட், அதனால் தண்டனை எனக்கு. முழங்கால் தாடையில் இடிக்கிற மாதிரி ஒரு குட்டி நாற்காலி. 'ஆரோக்கிய உணவுக் குழு' ஆரம்பித்திருக்கிறார்களாம். தலைவி, என் மகள் சிட்டுவின் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடி. இனி மதியம் குழுவிலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்ப்பாராம். நல்ல சாப்பாடு என்றால் மூடியில் பச்சை ஸ்டிக்கர். இல்லையென்றால் சிவப்பு. ஆறு வயசுப் பிள்ளைகளுக்குச் சுங்கச் சோதனை!

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டின கைகளில் பாதி, வெளியே வந்ததும் கிரீம் பிஸ்கட்டை இரண்டிரண்டாக அள்ளின. நானும் அள்ளினேன். ஆனால் கைதட்டவில்லை.

ஜூன் 15

சிட்டுவுக்குச் சிவப்பு. குற்றம்: வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு.

ஜூன் 18, ஞாயிறு

சின்னவன் வாண்டுக்கு மூன்று வயசு. ஒரு வாய்க்கு ஒரு கார் வீடியோ என்று எங்களுக்குள் ஒப்பந்தம். வீடியோ முடிந்தால் வாய் மூடிக்கொள்ளும். இன்று மதியம் கிண்ணத்தோடு சோபாவை எத்தனை சுற்று சுற்றினேனோ. "இன்னும் ஒரே ஒரு வாய், அப்பா செல்லம்ல?" கேட்கவே கேவலமாக இருந்தது, சொன்னது நான்தான் என்றாலும்.

மனைவி அடுப்படியிலிருந்து, "ஸ்டிக்கர் அம்மாவைக் கிண்டல் பண்றீங்க. நீங்க பண்றதுக்குப் பேரு என்ன? லஞ்சம்" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 26

காலையில் சிட்டு தட்டில் இருந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது பச்சையா சிவப்பா?"

"முட்டைம்மா."

"மஞ்சக்கரு மட்டும் சிவப்பா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மஞ்சக்கருவைச் சுற்றிச் சுற்றிப் பிய்த்துத் தின்றுவிட்டு அதை மட்டும் ஒதுக்கிவைத்தாள். "முயல் எப்பவும் பச்சைப்பா" என்றாள். முயல் என்பது ஸ்டிக்கர் அம்மாவின் மகள். டப்பாவில் கேரட்டைத் தவிர வேறெதையும் யாரும் பார்த்ததில்லை என்பதால் வகுப்பே வைத்த பேர்.

ஜூன் 28

கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஸ்டிக்கர் அம்மா. கையில் துணிப்பை, பை நிறையக் கீரை. அதை ஊர்வலச் சிலை மாதிரி முன்னால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணுக்கு இப்பவே கண்ட்ரோல் வேணும். கன்னத்தைப் பார்த்தாலே தெரியுதே."

நான் சொன்னது: "சரி மேடம்."

சொல்லியிருக்க வேண்டியது எல்லாம் வீட்டுக் கதவைச் சாத்தின பிறகு வரிசையாக வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. இன்று மாட்டிக்கொண்டது நான். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். த்தூ.

ஜூலை 4, செவ்வாய்

வேலையில் இருந்தபோது ஆசிரியை போன் பண்ணினார். விளையாட்டு நேரத்தில் சிட்டு தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாளாம். உதடெல்லாம் வெளுத்து. ஓடினேன்.

ஒரு வாரமாக மதியம் சாப்பிடவே இல்லை. மணி அடிப்பதற்கு முன்னாலேயே கழிவறைக்குப் போய் டப்பாவைக் குப்பைத்தொட்டியில் கொட்டியிருக்கிறாள். ஏம்மா, ஏன் அப்படிப் பண்ணே என்று கேட்டால்—

"டப்பா காலியா இருந்தா ஸ்டிக்கர் ஒட்ட மாட்டாங்கப்பா."

ஆறு வயசுய்யா அவளுக்கு. ஆறு. எப்படி யோசிச்சிருக்கு பாரு அந்தக் குட்டித் தலை. நாங்க ரெண்டு பேரும் எங்க பார்த்துக்கிட்டு இருந்தோம்? காலி டப்பாவைக் கழுவும்போதெல்லாம் "சமத்து, எல்லாம் சாப்பிட்டுட்டா"ன்னு நான்தானே சொன்னேன்?

பள்ளிக்கூடத்தில் கத்தினேன். "கமிட்டி முடிவு சார்" என்றார் ஆசிரியை. "கமிட்டியைத் தூக்கிக் குப்பையில போடுங்க. என் பிள்ளை டப்பாவை இனிமே யாரும் தொடக் கூடாது." உடனே தலையாட்டினார். யாராவது ஒருத்தர் வந்து இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த முகம். தானே சொல்ல வாய் இல்லையா? எனக்கும்தான் லிஃப்ட் வாசலில் வாய் இல்லை. நல்ல ஜோடி.

டாக்டர், பயமில்லை என்றார். சாப்பிட வையுங்கள், வற்புறுத்தாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னார். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 5

எப்படி என்று மனைவி சொன்னாள்.

"மேசையில உட்கார்ந்தா சாப்பாட்டைப் பத்திப் பேச்சே கிடையாது. நல்லது, கெட்டது, சமத்து, குண்டு, ஒண்ணும் கிடையாது. போன் அலமாரியில. நாலு பேரும் ஒண்ணா உட்காரணும், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. வைக்கிறது நம்ம வேலை. எவ்வளவு சாப்பிடறதுங்கறது அவங்க வேலை."

வாண்டு போனைக் கேட்டு ஊரைக் கூட்டினான். ஒரு வாய் தின்னவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. மனைவி மேசைக்கடியில் காலை மிதித்தாள்.

ஜூலை 9, ஞாயிறு

அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிட்டுவும் நானும் பட்டாணி உரித்தோம். உரித்ததில் பாதி அவள் வாய்க்குள் போனது. நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் யாராவது ஒருத்தர் "சமத்து" என்று சொல்லித் தொலைத்திருப்போம்.

ஜூலை 12

வாண்டு ஒரு பீன்ஸை எடுத்து, நக்கிப் பார்த்து, தரையில் போட்டான். முன்னேற்றம்தான்.

ஜூலை 20

சாயங்காலம் ஸ்டிக்கர் அம்மாவிடமிருந்து போன். ஆபீஸில் மாட்டிக்கொண்டாளாம், கொஞ்ச நேரம் பெண்ணைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. எந்த முகத்தோடு கேட்கிறாள்! நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி "அனுப்புங்க" என்றுவிட்டாள்.

முயல் எங்களோடு மேசையில் உட்கார்ந்தது. சோறு, பருப்பு, பீன்ஸ், நடுவில் ஒரு தட்டில் வறுத்த உருளைக்கிழங்கு. யாரும் எதுவும் சொல்லவில்லை. வாண்டு தன் காரைப் பருப்பில் ஓட்டிக்கொண்டிருந்தான். முயல் உருளைக்கிழங்கை வளைத்து வளைத்துத் தின்றது, அப்புறம் பீன்ஸையும் எடுத்தது, இன்னொரு தரமும் எடுத்தது. முடித்துவிட்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தது.

"ஏன் யாரும் கைதட்டல?"

"எதுக்கு?" என்றாள் சிட்டு.

முயல் இன்னொரு பீன்ஸை எடுத்து வாயில் போட்டது.

அப்போதுதான் கவனித்தேன், கதவருகே ஸ்டிக்கர் அம்மா. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"பீன்ஸா சாப்பிட்டா? அதுல என்ன போட்டீங்க?"

"உப்பு" என்றேன்.

ரொம்ப நாளாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. குப்பைத்தொட்டி, கன்னம், கண்ட்ரோல், எல்லாம். அவள் மெதுவாக, "வீட்டுல ஒரு வாய்க்கு ஒரு மணி நேரம் ஆகுதுண்ணா. கேரட்டைத் தவிர எதையும் தொட மாட்டா. அதான் மத்த பிள்ளைங்களைப் பார்த்தாவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். சிட்டுவைப் பார்த்தாள்.

முட்டாள்தனம் முட்டாள்தனம்தான். என் பிள்ளை தலை சுற்றி உட்கார்ந்ததும் உட்கார்ந்ததுதான். அதை மன்னிக்க நான் ஒன்றும் மகான் இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பட்டினி கிடந்த முகம் எனக்குத் தெரியும்.

இன்னொரு தட்டை எடுத்துவைத்து, "உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தாள். எதையும் பச்சை, சிவப்பு பார்க்காமல் தின்றாள்.

ஜூலை 28

சுற்றறிக்கை: 'ஆரோக்கிய உணவுத் திட்டத்தின் முதற்கட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது. இனி டப்பா சோதனை இருக்காது.' வெற்றியாம்! தப்பு என்று ஒரு வரி எழுதினால் கை ஒடிந்துவிடும் போல. ஒழியட்டும், நிறுத்தினார்களே.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இன்று சமையல் நான். பூசணிக்காய் பொரியல். சிட்டு ஒரு துண்டை வாயில் போட்டாள், மென்றாள், நிதானமாக யோசித்தாள்.

"எனக்கு இது பிடிக்கல."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. சோறும் பருப்பும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, "போதும்" என்று இறங்கி விளையாட ஓடிவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

அவள் தட்டில் மிச்சமிருந்த பூசணியை நான் எடுத்துத் தின்றேன். கண்றாவி. பிள்ளை சொன்னது சரிதான்.