கதவில் இருந்த மஞ்சள் பெயின்ட்

14 ஜூலை 2003, திங்கள்

இன்ஷூரன்ஸ் சர்வேயர் இன்று கார் பார்க்க வந்தார். கோர்படி ரோட்டில் இடித்துவிட்டு நிற்காமல் போன லாரியின் மஞ்சள் பெயின்ட் பின்கதவில் ஒட்டியிருந்தது. அவர் தேடியது அதைத்தான். வெள்ளிக்கிழமை திருஷ்டி கழிப்பதற்கு முன்னால், அழுக்குக் காருக்குப் பூஜை ஆகாதென்று, மண்ணெண்ணெய் தொட்டு அதைத் துடைத்தவன் நான். மடையன்.

"லாரியாவது ஒன்றாவது. நீங்களே சுவரில் மோதியிருப்பீர்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். சரோஜா பக்கத்தில்தான் நின்றாள்.

பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகள் கால் முறிந்து இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

சாதம் போடும்போது சரோஜா மெதுவாகக் கேட்டாள். "நிஜமாவே லாரி வந்துச்சாங்க?"

வந்தது என்றேன். சொன்ன எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.