நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டவளுக்கு

நம் வார்டு வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். புதுப் பூச்சின் வாசனை இன்னும் போகவில்லை. இன்று காலை கிடர்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணை அதில் ஏற்றினார்கள். "நல்ல கனம்தான். காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடு" என்றார் புதிய டாக்டரம்மா. அவள் முகமும் காலும் உப்பியிருந்தன. நான் குனிந்து கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அந்தக் கனம் சதையல்ல, நீர் கோத்த பசி. சொன்னேன், டாக்டரம்மா முகம் சுளித்தாலும் பாலுக்கு எழுதிக் கொடுத்தார். உன் ஞாபகம் வந்துவிட்டது.

மதராஸிலிருந்து வங்காளத்துக்கு ஒரே ரயிலில் வந்து இறங்கிய நர்சுகள் நாம். நீ திருநெல்வேலி, நான் கும்பகோணம். இந்தப் பெண்கள் ஆஸ்பத்திரியில் தமிழ் பேச நமக்கு நாமே. புதிதாக யார் சேர்ந்தாலும் நீ நாடி பிடிக்குமுன் புடவையை ஒதுக்கிப் புஜத்தைப் பார்ப்பாய். கீழிமையை இழுத்துப் பார்ப்பாய். பிறகு கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, "நேத்து என்னம்மா சாப்ட்ட?" என்பாய். வங்காளிப் பெண்ணென்றால் அதையே அவள் பாஷையில், "கால் கீ கேயேச்சோ, மா?" பதில் வராமல் எழுந்திருக்கமாட்டாய்.

"காய்ச்சலுக்கு மருந்து இருக்குளா. பசியை மட்டும் எவளும் வியாதின்னு ஒத்துக்க மாட்டா" என்பாய் என்னிடம்.

பவானிப்பூரிலிருந்து குதிரை வண்டியில் வந்த அந்தத் தமிழ் வீட்டு மருமகளை நினைத்துக்கொள்கிறேன். புருஷனுக்கு அலிப்பூரில் ஆபீஸர் உத்தியோகம். அவள் பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. கால் வீங்கியிருந்தது, பால் வற்றிவிட்டது. காவிப் புடவைத் தலைப்பால் தலையை மூடிய விதவை மாமியார் பக்கத்திலேயே நின்றாள். என்ன கேட்டாலும், "எல்லாம் சாப்பிடறேன்" என்றாள் பெண்.

"குழந்தைக்குக் கொஞ்சம் வெயில் காட்டிட்டு வாங்கம்மா" என்று மாமியாரை வராந்தாவுக்கு அனுப்பினாய்.

அதன் பிறகுதான் வாய் திறந்தாள். "காலம்பர ஒரு கரண்டி சாதம், சுட்ட அப்பளம். ராத்திரி ஒண்ணும் கெடையாது. பத்தியம்னு மாமியார் சொல்றா. பால் மந்தமாம்."

நீ சீட்டில் பட்டினி என்று எழுதி வரவழைத்த பால் வந்தபோது, திரும்பி வந்த மாமியார் கொதித்துப்போனாள். "எங்காத்துல சோத்துக்குப் பஞ்சமா? ஆபீஸர் ஆம்படையாளைப் பட்டினி கெடந்தவள்னு எழுதறேளா? வண்டியைக் கூப்பிடச் சொல்லுங்கோ, நாங்க கெளம்பறோம்!"

மருமகள் டம்ளரை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அந்த நிலையில் வீட்டுக்குப் போனால் அவள் பிழைக்கமாட்டாள் என்று நம் இருவருக்கும் தெரியும். எனக்குச் சண்டை போடத்தான் தோன்றியது. நீ போடவில்லை. உட்காரவைக்கிறாற்போல அந்த அம்மாளின் கையைப் பிடித்தாய். உன் விரல்கள் அவள் மெலிந்த புஜத்தைச் சுற்றி ஒன்றையொன்று தொட்டு நின்றன. மெல்லக் குனிந்து அவள் காலையும் அழுத்தினாய். அங்கும் குழி.

"நீங்க நேத்து என்ன சாப்ட்டீங்க, அம்மா?"

"நேத்து ஏகாதசி."

"முந்தாநாள்?"

"எனக்கென்ன, ஒரு வேளை." குழந்தையைத் தோளிலிருந்து மடிக்கு மாற்றினாள். "எனக்கும் பிரசவத்துல இதேதான் போட்டா. நான் தாங்கலையா?"

"எத்தனை புள்ளைங்க உங்களுக்கு?"

"அஞ்சு."

"இப்ப?"

"இவன் ஒருத்தன்தான்" என்றாள். சொன்னவள் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். வண்டியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

ஆஸ்பத்திரிப் பாலை அன்று அவள் மருமகளைத் தொடவிடவில்லைதான். மறுநாள் தானே வீட்டில் காய்ச்சி எடுத்து வந்தாள். "மெதுவா, அம்மா. காஞ்ச வயிறு, ஒரேயடியா ஊத்தினா தாங்காது" என்று பக்கத்தில் நின்றாய். நீர் வடிய வடிய அந்தப் பெண் குச்சியாகிவிட்டாள். புருஷன் வந்து பார்த்து, "இளைச்சுப் போயிட்டாளே!" என்று பதறினான். நீ சிரித்தாய். "இதுதான் சார் அவ நெசமான ஒடம்பு. இனிமேத்தான் தேறணும்."

தேறினாள். குழந்தையோடு வீட்டுக்குப் போனாள். மாமியாரை மட்டும் உன்னால் ஒரு வாய் பால் குடிக்கவைக்க முடியவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி வெகுநாள் வருத்தப்பட்டாய்.

பிறகு அந்தக் காய்ச்சல் வருஷம் வந்தது. தரையெல்லாம் நோயாளிகள். யார் புஜத்தைப் பார்க்க, யார் காலை அழுத்த? "வார்டை முடிச்சிட்டுச் சாப்பிடுறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்த நீ, ஒரு மத்தியானம் மூலைக் கட்டிலில் படுத்தாய். நான் கஞ்சி கொண்டுவந்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, "நீ சாப்ட்டியாளா?" என்றாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது.

இப்போதும் வருகிறவர்களைக் கேட்கிறேன், கூட்டிவந்தவர்களையும் கேட்கிறேன். களைப்பாக இருக்கிறது. சில பதில்களைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். தெரிந்தும் செய்ய ஒன்றுமிருக்காது. இங்கே நாலு நாள் பால் கொடுத்து, பட்டினி போட்ட அதே வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம். ஆனாலும் அடுத்த கட்டிலுக்குப் போனதும் உட்கார்ந்துவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. ராத்திரியும் இல்லை. கேட்பாரில்லை, உன்னிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.